புழங்குகிற சாமான்

அன்பு மகளுக்கு,

ஆத்தா எழுதிக்கொள்வது. இங்கே அப்பச்சியும் நானும் சுகம். அங்கே நீ, மாப்பிள்ளை, பேரன் மூவரும் சுகமாக இருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் வீட்டுக் கண்ணாடி அலமாரியைக் காட்டினாய். அப்போதிருந்து எனக்கு மனசு கேட்கவில்லை. போன வருஷம் நீ ஊருக்கு வந்தபோது வெள்ளித் தட்டு நாலு, டம்ளர் ஆறு, வெண்கலக் கும்பா ரெண்டு, நீலக் கரை போட்ட இனாமல் தட்டுகள் என்று பழைய வேட்டியில் சுற்றிச் சுற்றிக் கட்டிக் கொடுத்தேன். எல்லாம் வைத்தது வைத்தபடி வரிசையாக நிற்கின்றன. பக்கத்து மேஜையில் நீங்கள் மூன்று பேரும் மெலமைன் தட்டில் இட்லி சாப்பிடுகிறீர்கள். கேட்டால், "பயமா இருக்கு ஆத்தா, கறுத்துப்போச்சுன்னா? இவன் கீழே போட்டுட்டான்னா?" என்கிறாய். போனில் பதில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னைப் பெற்ற உங்க ஆயா கதை உனக்குப் பாதிதான் தெரியும். ஆயாவைப் பெற்ற அப்பச்சி பர்மாவில் மோல்மேனில் கடை வைத்திருந்தவர். நம் காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் அந்தக் காலத்தில் கப்பலில் திரும்பி வரும்போது கையில் கிடைத்த நல்ல சாமானையெல்லாம் வாங்கி வருவார்கள். சுவீடன் இனாமல், செக்கோஸ்லோவாக்கியா இனாமல், ஜப்பான் பீங்கான், பர்மாவின் அரக்குப் பெட்டி. 1942-ல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்ததும் கடை போயிற்று, கணக்குப் போயிற்று. முன்னமே ஊருக்கு வந்து சேர்ந்திருந்த சாமான்தான் மிச்சம். யுத்தம் முடிந்து ஆயாவுக்குக் கல்யாணமானபோது அதையெல்லாம் வீட்டு நடுமுற்றத்து வளவில் பரப்பி வைத்தார்களாம். வெள்ளித் தட்டுகளின் அடியில் ஆயா பெயரையும் வெட்டினார்கள். நீ தட்டைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டாய். சின்ன உளியை வைத்துத் தட்டித் தட்டி, புள்ளி புள்ளியாக வைத்த எழுத்து. விரலால் தடவினால் கோலப்பொடி கையில் படுவதுபோல இருக்கும். அந்தப் பெயருக்கு உரிய மனுஷி அந்தத் தட்டில் ஒருநாளும் சாப்பிடவில்லை.

ஆமாம், ஒருநாளும் இல்லை. ரெண்டாங்கட்டில் தனியாக உட்கார்ந்து ஓரம் நெளிந்த அலுமினியத் தட்டில்தான் சாப்பிடுவார்கள். எவர்சில்வர் வந்த பிறகு எவர்சில்வர் தட்டு. கேட்டால், "அது நாளைக்கு விருந்தாளுக வந்தா வேணுமே" என்பார்கள். விருந்தாளி வந்தால் இலை போடுவோம். வெள்ளித் தட்டு, சாமான் பூட்டி வைத்த அறையை விட்டு வெளியே வந்ததே இல்லை.

ஆயா போன பிறகு நானும் என் தம்பி, உன் அம்மானும் அந்த அறையைத் திறந்தோம். பன்னிரண்டு வெள்ளி டம்ளர், பழைய செய்தித்தாளில் சுற்றி. பிரித்தால் அடுப்பில் வைத்த சட்டிபோல அத்தனையும் கறுப்பு. ரெண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து விபூதி போட்டுத் தேய்த்தேன். கறுப்பு விலகி வெள்ளி தெரியத் தெரிய எனக்கு அழுகைதான் வந்தது. மறுநாள் காலையில் அப்பச்சியிடம்கூடக் கேட்காமல் அதில் ஒரு டம்ளரை எடுத்துக் காபி ஊற்றிக் குடித்தேன். உதடு சுட்டுவிட்டது. வெள்ளி அவ்வளவு வேகமாகச் சூடேறும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இப்போது காபிக்கு டவராவும் சேர்த்துத்தான் எடுப்பேன். வெயில் காலத்தில் அதே டம்ளரில் மோர் ஊற்றிப் பார். பிடித்த கையே குளிர்ந்துவிடும்.

கறுத்துப்போகும் என்று பயப்படுகிறாயே, வெள்ளி கறுப்பது பூட்டி வைப்பதால்தான் அம்மா. காற்றில் கொஞ்சம் கந்தகம் இருக்கும், அது வெள்ளியில் படிந்து கறுக்கிறது. தினம் கை பட்டு, கழுவி, துணியால் துடைத்துக்கொண்டே இருந்தால் கறுப்பு சேர நேரம் ஏது? அந்தப் பன்னிரண்டில் ரெண்டை நான் இருபது வருஷமாகப் புழங்குகிறேன். துலக்கவே வேண்டியிருக்கவில்லை. துலக்கத் துலக்க வெள்ளியும் தேயும், வெட்டின எழுத்தும் மங்கும். அதனால் அடிக்கடி விபூதி போட்டுத் தேய்க்காதே, பற்பசை போடவே போடாதே. ரொம்பக் கறுத்தால் ஒரு பிளாஸ்டிக் பேசினில் அலுமினியத் தாளைப் பரப்பி, வெந்நீர் ஊற்றி, ஒரு கை சமையல் சோடா போட்டு, சாமான் அந்தத் தாளில் படுகிற மாதிரி முக்கி வை. அழுகின முட்டை வாடை லேசாக வரும். வெள்ளியை விட்டுக் கந்தகம் போகிற வாடைதான் அது, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்.

வெள்ளித் தட்டில் முட்டை வைக்காதே. உப்பும் ஊறுகாயும் சாப்பிடும்போது இருக்கலாம், ராத்திரி முழுக்கத் தட்டிலேயே கிடக்கக் கூடாது. பாத்திரம் கழுவுகிற மெஷினில் போடாதே. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டவும் வேண்டாம். நான் ஒருமுறை ஆறு வெள்ளிக் கரண்டியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்தேன். ஒரு வருஷம் கழித்து எடுத்தால் ஆறின் இடுப்பிலும் அரைஞாண் கட்டினாற்போல் கறுப்புக் கோடு. ரப்பரிலும் கந்தகம் உண்டு என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்தக் கோடு இன்றைக்கும் முழுசாகப் போகவில்லை. அந்தக் கரண்டியில்தான் தினம் பருப்பு பரிமாறுகிறேன்.

கும்பாவுக்கு வேறு பக்குவம். வெண்கலம் பார்க்கக் கனமாக, முரட்டுச் சாமான்போல இருக்கும். ஆனால் கல் தரையில் விழுந்தால் விரிசல் விட்டுவிடும். விரலால் சுண்டிப் பார், கோயில் மணிபோல இழுத்துக்கொண்டே போகும். அந்த நாதம் இருக்கிறவரை கும்பா முழுசாக இருக்கிறது என்று அர்த்தம். பழைய சோறும் மோரும் சாப்பிட அதைப்போல ஒரு பாத்திரம் கிடையாது. வாய் அகலம், அடி குறுகல், கையால் பிசைய இடம் தாராளம். சாப்பிடும்போது ஊற்று, சாப்பிட்டதும் கழுவிக் கவிழ்த்துவிடு. புளித்ததை அதிலேயே விட்டு வைத்தால் களிம்பேறும்.

இனாமல் தட்டு இரும்பின்மேல் கண்ணாடியை உருக்கிப் பூசியது. அதனால் கண்ணாடிக்குரிய மரியாதையோடு புழங்கு. வெள்ளைத் தட்டில் பேரனுக்கு முறுக்கு, பணியாரம், நறுக்கின பழம் எல்லாம் வை. சிவப்பும் மஞ்சளுமாய் உள்பக்கம் வர்ணம் தீட்டின ரெண்டு கிண்ணம் கொடுத்தேனே, அவற்றில் மட்டும் சாப்பாடு வேண்டாம். அந்தக் காலத்து வர்ணத்தில் காரீயம், காட்மியம் கலந்திருக்கலாம். பூவோ சாவியோ போட்டு வை.

பேரன் கீழே போட்டால் என்ன செய்வது என்றாய். நீலக் கரைத் தட்டுகளில் ஒன்றின் விளிம்பில் புளியங்கொட்டை அளவுக்குக் கறுப்பாய் ஒரு தெறிப்பு இருக்கும், பார். ஒரே ஒரு தீபாவளிக்கு, நான் அடம்பிடித்து வெளியே எடுக்கவைத்த தட்டு அது. உன் அம்மானுக்கு அப்போது அஞ்சு வயசு. சீடையோடு வளவில் ஓடி, தூணில் மோதி, வெண்கலக் கடையில் யானை புகுந்த மாதிரி ஒரு சத்தம். ஆயா அன்றே அத்தனை தட்டையும் எடுத்துப் பூட்டிவிட்டார்கள். உன் அம்மான் போய் மூன்று வருஷம் ஆகிறது. அவன் குழந்தையாக இருந்தபோது எடுத்த படம் ஒன்றுகூட நம் வீட்டில் இல்லை. அந்தத் தெறிப்பு இருக்கிறது. பேரனும் ஒன்று போடட்டும், போட்டால் திட்டாதே. பூச்சு போய் இரும்பு தெரிகிற தட்டைச் சாப்பாட்டுக்கு நிறுத்திவிட்டு, துருப்பிடிக்காமல் துடைத்து வை, போதும்.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போனால் எனக்குக் கால் தயங்கும். கடைக்குக் கடை நம் ஊர் வீடுகளின் சாமான் அடுக்கியிருக்கிறது. சில தட்டுகளில் வெட்டின பெயரும் அப்படியே இருக்கிறது. விற்றவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கஷ்டம் யாருக்குத்தான் இல்லை? ஆனால் அதில் எத்தனை சாமான் சோறு காணாமலே கடைக்கு வந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு என்னமோ செய்கிறது.

நாளைக்குக் கூரியரில் அரைக் கிலோ கவுனி அரிசி அனுப்புகிறேன். அதுவும் பர்மாவிலிருந்து நம் சமையலுக்கு வந்ததுதான். ராத்திரியே ஊறப் போட்டுவிடு, காலையில் ஊறின தண்ணீரோடே குக்கரில் குழைய வேகவிடு. சூட்டோடு மசித்து, சீனி, தேங்காய்ப்பூ, நெய் சேர். அந்தக் கருஞ்சிவப்பு நிறத்தை வெள்ளித் தட்டில் வைத்துப் பார்த்தால்தான் அதன் அழகு தெரியும். விருந்தாளி யாரையும் கூப்பிடாதே. முதல் தட்டை நீ எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
ஆத்தா

பி.கு.: ஆறு டம்ளரில் ஒன்று அடியில் நசுங்கி ஆடும். தைக்கு வரும்போது எடுத்து வா, நம் ஆசாரியிடம் கொடுத்துத் தட்டி வாங்கிவிடலாம்.