யமாஷிதா துறைமேடை: யோகோஹாமா மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய யோகோஹாமா மாநகராட்சித் துறைமுகத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஜப்பானின் துறைமுக நகரான இந்த யோகோஹாமாவில் குடியிருந்து வரி செலுத்தும் தமிழன் என்ற முறையில், யமாஷிதா துறைமேடையின் மறுசீரமைப்பைப் பற்றி இம்மடலை எழுதுகிறேன். இங்கு வாழும் தமிழர்களும் இதைப் படித்துப் பேச வேண்டும் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். நகரின் மையத்தை ஒட்டிக் கடலுக்குள் நீண்டிருக்கும் சுமார் 47 ஹெக்டேர் நிலத்தின் எதிர்காலம் உங்கள் கையில் இருக்கிறது. என் கோரிக்கைகள் மூன்று. துறைமேடையின் நீர்விளிம்பு முழுவதும் எவரும் கட்டணமின்றி நடமாடக்கூடிய பொது இடமாக இருக்க வேண்டும். அதன் ஒரு பகுதியேனும் கப்பல் அணையும் துறையாகவே நீடிக்க வேண்டும். இத்துறைமுகத்தில் உழைத்தவர்களின் வரலாற்றைச் சொல்லும் ஓர் ஆவணக்காப்பகம் அங்கே எழ வேண்டும்.

இந்த நிலத்தின்மீது மக்களுக்கு இருக்கும் அக்கறையை நீங்கள் ஏற்கெனவே கண்டிருக்கிறீர்கள். 2019-இல் அன்றைய மேயர் இங்கே சூதாட்ட விடுதியுடன் கூடிய வளாகம் அமைக்க முற்பட்டபோது, பொது வாக்கெடுப்பு கோரி 1,90,000-க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். நகர்மன்றம் அக்கோரிக்கையை நிராகரித்தது. ஆனால் 2021 ஆகஸ்ட் மேயர் தேர்தலில் அத்திட்டத்தை எதிர்த்தவர் வென்றார், திட்டமும் கைவிடப்பட்டது. துறைமுகத் தொழில் சார்ந்தவர்களே அந்த எதிர்ப்பின் முன்வரிசையில் நின்றார்கள் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். அன்று சூதாட்டம் வேண்டாம் என்றவர்கள், அதன் இடத்தில் வேறொரு பெயரில் பணம் படைத்தவர்களுக்கு மட்டுமான வளாகம் வந்தால் போதும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

துறைமேடையிலிருந்து சில நிமிட நடையில் இருக்கும் யமாஷிதா பூங்காவை எண்ணிப் பாருங்கள். 1923 செப்டம்பர் 1 நண்பகலுக்குச் சற்று முன் நேர்ந்த பெருநிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் இந்நகரில் சுமார் 26,000 பேர் மாண்டார்கள். இடிந்து விழுந்த நகரின் சிதைவுகளைக் கடலில் கொட்டி மேடாக்கிய நிலத்தில் 1930-இல் திறக்கப்பட்டதுதான் அப்பூங்கா. தன் அழிவின்மீதே இந்நகர் எல்லோருக்குமான ஓர் இடத்தை அமைத்தது. கடல் தெரியும் அந்தக் கரையை எந்த நிறுவனத்துக்கும் விற்கவில்லை.

அப்பூங்காவின் ஒரு மூலையில் 1930-களின் பின்பகுதியில் கட்டப்பட்ட இந்திய நீர்மாடம் நிற்கிறது. தூண்கள் தாங்கும் கவிகைக் கூரை, உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் வண்ண மொசைக் வேலைப்பாடு, நடுவில் நீர்த்தொட்டி. பட்டு வணிகத்துக்காக இங்கே வந்திருந்த இந்திய வணிகர்களில் சிலர் நிலநடுக்கத்தில் இறந்தார்கள், எஞ்சியவர்களில் பலர் கோபே நகருக்குப் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப வரவழைக்க யோகோஹாமா வீடுகளும் உதவிகளும் தந்தது. வணிகர் திரும்பி வந்தால் துறைமுகம் பிழைக்கும் என்ற கணக்கும் அதில் இருந்திருக்கும். அந்தக் கணக்கு ஓர் உறவாகவும் வளர்ந்தது. நகர மக்களுக்கு நன்றி கூறவும் மாண்ட தம் நாட்டவரை நினைவுகூரவும் இந்திய வணிகர்கள் கட்டியது அம்மாடம். பட்டு வணிகத்தில் பெருஞ்செல்வம் ஈட்டிய ஹாரா தொமிதாரோ, தம் சாங்கேயென் தோட்டத்தை 1906-லேயே பொதுமக்களுக்குத் திறந்துவிட்டவர், நிலநடுக்கத்துக்குப் பின் நகரின் மீட்புப் பணிக்குத் தலைமை ஏற்றவர். தாகூர் 1916-இல் தங்கியிருந்ததும் அத்தோட்டத்தில்தான்.

பழையதைக் காத்துக்கொண்டே புதியதைக் கட்டும் திறமை உங்களுக்கு உண்டு. 1911-லும் 1913-லும் கட்டி முடிக்கப்பட்ட செங்கல் கிடங்குகளை இடிக்காமல் 2002-இல் மக்களுக்குத் திறந்தீர்கள். கப்பல் கட்டுந்தளம் இடம்பெயர்ந்த பின் அவ்விடத்தில் மினாத்தோ மிராய் என்னும் புதிய நகர்ப்பகுதி உருவானபோதும், 1896-ஆம் ஆண்டின் கல் உலர்துறை லேண்ட்மார்க் கோபுரத்தின் அடியில் காப்பாற்றப்பட்டது. கப்பல் பழுதுபார்த்த அதே கற்படிகளில் இன்று மக்கள் அமர்ந்திருக்கிறார்கள்.

ஆனால் கட்டடங்களைக் காத்த அளவுக்கு மனிதர்களை நாம் காக்கவில்லை. சரக்குப்பெட்டகங்கள் வருவதற்கு முன், கப்பலில் வந்த மூட்டைகளும் பெட்டிகளும் மனிதத் தோள்களில்தான் இறங்கின. நடுத்துறையில் நின்ற கப்பல்களிலிருந்து சரக்கைக் கரைசேர்த்த தோணிகளிலேயே பல குடும்பங்கள் வாழ்ந்தன. அங்கேயே சமைத்து, அங்கேயே பிள்ளைகளை வளர்த்தன. 1950-களின் பின்பகுதியிலிருந்து தினக்கூலித் தொழிலாளர்கள் கொதொபுகி பகுதியில் திரண்டார்கள். மூன்று தாதாமிப் பாய்கள் விரிக்கும் அளவே உள்ள விடுதி அறையில் படுத்து, விடியுமுன் எழுந்து அன்றைய வேலையைத் தேடிப் போவது அவர்கள் வாழ்க்கையாக இருந்தது. பெட்டகப் போக்குவரத்து ஹொன்மொகு, மினாமி ஹொன்மொகு ஆகிய பெட்டகத் துறைகளுக்கு நகர்ந்த பின் அந்தத் தோள்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இன்று கொதொபுகியில் முதுமையிலும் நோயிலும் அரசு உதவியை நம்பி வாழ்பவர்களே மிகுதி. யமாஷிதா துறைமேடையிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். துறைமேடையின் எதிர்காலம் பேசப்படும்போது அவர்களையும் அழைத்துக் கேளுங்கள். நான் கோரும் ஆவணக்காப்பகத்தில் அவர்களுடைய குரல்கள் பதிவாக வேண்டும், அவர்கள் உயிரோடு இருக்கும்போதே. தோணிக் குடும்பங்களின் கதையும், 1923 நிலநடுக்கத்தை அடுத்துப் பரவிய வதந்திகளின் பெயரால் கொல்லப்பட்ட கொரியர்களின் கதையும் அங்கே மறைக்கப்படாமல் இடம்பெற வேண்டும்.

கப்பல் அணையும் துறை வேண்டும் என்பதைப் பழைமைப் பற்று என்று எண்ணிவிடாதீர்கள். 1923-இல் யோகோஹாமாவின் பேரழிவு வெளியுலகத்துக்குத் தெரிந்ததே துறைமுகத்தில் நின்ற கொரியா மாரு கப்பலின் கம்பியில்லாத் தந்தி வழியாகத்தான். எம்ப்ரஸ் ஆஃப் ஆஸ்திரேலியா கப்பல் தீக்குத் தப்பிய ஆயிரக்கணக்கானோரை ஏற்றிக்கொண்டது. சாலைகளும் இருப்புப் பாதைகளும் அறுந்துபோகும் நாளில், நகரின் நடுவிலேயே நிலநடுக்கத்தைத் தாங்கும் கப்பல்துறையும் அதன் பின்னால் திறந்த வெளியும் இருந்தால், நோயாளிகளை ஏற்றவும் குடிநீரும் மருந்தும் இறக்கவும் முடியும். விளிம்பு வரை கட்டடங்களை நிரப்பிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும்.

வருவாய் வேண்டும் என்பீர்கள். நியாயமே, 37 லட்சத்துக்கும் அதிகமான மக்களின் நகரை நடத்தப் பணம் தேவை. துறைமேடையின் உட்பகுதியில் விடுதிகளும் அரங்கங்களும் அமையட்டும், கைகால் அசைக்கும் 18 மீட்டர் உயரக் கண்டாம் என்னும் கற்பனை இயந்திர மனித உருவம் 2024 வரை அங்கே ஈர்த்த கூட்டத்தைப் போல இனியும் கூட்டம் வரட்டும். அந்த வருவாய்க்காக நீர்விளிம்பை விட்டுக்கொடுக்காதீர்கள். முதலீட்டாளர்களுடன் ஒப்பந்தம் செய்வதற்கு முன், இம்மூன்று கோரிக்கைகளையும் ஒப்பந்த நிபந்தனைகளாகவே எழுதி, அவ்வரைவைக் குடிமக்கள் பார்வைக்கு வையுங்கள். வெளிநாட்டுக் குடியிருப்பாளர்களும் படித்துக் கருத்துச் சொல்லும்படி எங்கள் மொழிகளிலும் வெளியிடுங்கள்.

மரியாதையுடன்,
யோகோஹாமாவில் வாழும் ஒரு தமிழன்