இழைத்தவர் பெயர் எங்கே?

ஆசிரியருக்கு,

நெசவுச் சிற்பங்கள் பற்றிய உங்கள் ஞாயிறு இதழ்க் கட்டுரை, போலந்தின் மக்தலேனா அபகனோவிச் 1960களில் நெய்து தொங்கவிட்ட பிரமாண்டமான படைப்புகளில் தொடங்குகிறது. கண்ணாடிப் பட்டறையில் சேர விரும்பிய கலைஞர் அன்னி ஆல்பர்ஸை ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி 1920களிலேயே தறிக்கு அனுப்பியதையும் சொல்லியிருக்கலாம். 'பெண்கள் வேலை' என்ற முத்திரை அங்கேயும் இருந்தது. இங்கே அதன் மை இன்னும் காயவில்லை.

என் அம்மம்மா ஈர்க்கு நீக்கிய பனையோலையை நனைத்து, வார்ந்து, கடகம் என்னும் கூடை இழைப்பார். விளிம்பை நாரால் இறுக்கிப் பொத்துவார். வெள்ளவத்தை வீட்டில் எங்கள் வெங்காயம் இன்றும் அதில்தான் கிடக்கிறது. கொழும்பில் நான் பார்த்த கண்காட்சியொன்றில் இத்தகைய கடகத்துக்கு 'பனையோலை, யாழ்ப்பாணம்' என்ற அட்டை மட்டுமே. பக்கத்து ஓவியத்துக்கோ வரைந்தவரின் முழுப்பெயர். இனியாவது இழைத்த பெண்ணின் பெயரையும் ஊரையும் அட்டையில் எழுதுங்கள். பன்புல்லில் இழைக்கும் காத்தான்குடிப் பாய்க்கும் அப்படியே.

வாசகி,
வெள்ளவத்தை