டாக்ஸியில் போனவர் திரும்பலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்துத் தொலைக்காட்சித் தொடர் நடிகர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, ஒருமுறை உள்ளே நுழைந்துவிட்டால் ஆயுள் முழுக்கச் சம்பளம் என்பதுபோல எழுதியிருந்தது. வில்லியம் ரோச்சைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 1960 டிசம்பர் 9 அன்று ‘கரோனேஷன் ஸ்ட்ரீட்’ தொடரின் முதல் பகுதியில் கென் பார்லோவாக வந்தவர், தொண்ணூறு வயதைக் கடந்தும் அந்த வேடத்தை விடவில்லை. அவரை வைத்து மற்றவர்கள் பிழைப்பை அளக்க முடியாது.

அங்கே தொடர் நடிகர்கள் மாதச் சம்பளக்காரர்கள் அல்லர். ஆறு மாதம், ஓராண்டு என்று குறிப்பிட்ட காலத்துக்குத்தான் பெரும்பாலும் ஒப்பந்தம். இத்தனை பகுதிகளுக்குக் குறையாமல் பணம் தருவோம் என்ற உத்தரவாத எண்ணிக்கை அதில் இருக்கும். அதற்கு மேல் நடித்தால் பகுதிக் கணக்கில் கூடுதல் பணம். ஆகவே பேரம் பேசும்போது ஒரு பகுதிக்கு எவ்வளவு என்பதைவிட, எத்தனை பகுதிக்கு உத்தரவாதம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கதைக் குழு அந்தப் பாத்திரத்தை ஓரங்கட்டிவிட்டால் வருமானம் அந்த எண்ணோடு நின்றுவிடும். வாய்ப்புத் தேடித் தரும் முகவரின் 10 முதல் 15 சதவீதத் தரகும் இதிலிருந்துதான் போகும்.

ஒப்பந்தத்தின் அருமைக்குப் பழைய சான்று ஒன்று உண்டு. 1961-62இல் நடிகர் சங்கமான ஈக்விட்டி, அந்தத் தொடரை ஒளிபரப்பும் ஐடிவி தொலைக்காட்சிக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தபோது, நீண்ட ஒப்பந்தம் கையில் இருந்த சிலரை மட்டும் வைத்தே ‘கரோனேஷன் ஸ்ட்ரீட்’ மாதக்கணக்கில் ஓடியது.

புதியவர்கள் சறுக்குவது வரியில்தான். பெரும்பாலும் சுயதொழில் செய்பவராகக் கணக்கு வைப்பதால் பணம் வரி பிடிக்கப்படாமல் கைக்கு வரும். ஏப்ரல் 5இல் முடியும் ஆண்டுக்கான வரியை அடுத்த ஜனவரி 31க்குள் கட்ட வேண்டும். முதல் தடவை அத்துடன் அடுத்த ஆண்டுக்கு முன்பணமாக அதில் பாதியும் சேரும். மறுபாதி ஜூலை 31இல். அதாவது முதல் ஜனவரியில் ஒன்றரை மடங்கு. இதற்குள் ஒப்பந்தம் முடிந்திருந்தால், நல்ல வருமானம் வந்த ஆண்டின் வரி, வேலையில்லாத மாதத்தில் வந்து நிற்கும். வருமானம் குறைந்தால் முன்பணத்தையும் குறைத்துக்கொள்ளலாம், ஆனால் விண்ணப்பிக்க வேண்டும், தானாகக் குறையாது.

அடுத்து, பாத்திரம் எப்படி வெளியேறுகிறது என்பது. ‘ஈஸ்ட்எண்டர்ஸ்’ தொடரில் கறுப்பு டாக்ஸியில் ஏறிப் போனால், அந்தப் பாத்திரம் திரும்பி வரக் கதவைச் சாத்தவில்லை என்று பொருள். செத்துப்போனால் அவ்வளவுதான் என்றும் சொல்ல முடியாது. லெஸ்லி கிரந்தாம் நடித்த டென் வாட்ஸ் 1989இல் சுடப்பட்டுக் கால்வாயில் விழுந்தார், 2003இல் திரும்பி வந்தார், 2005இல் மறுபடியும் கொல்லப்பட்டார். அதே தொடரில் 2006இல் இறந்ததாகச் சொல்லப்பட்ட கேத்தி என்ற பாத்திரம் 2015இல் உயிரோடு வந்து நின்றது. திரையில் பிணத்தைக் காட்டாதவரை நடிகர் நம்பிக்கையோடு இருக்கலாம்!

கட்டுரையாளர் தவறவிட்ட பெரிய செய்தி, வேலை சுருங்குவது. 2000இல் தொடங்கி எத்தனையோ இளம் நடிகர்களுக்கு முதல் வாய்ப்பு தந்த பிபிசியின் ‘டாக்டர்ஸ்’ 2024 நவம்பரில் நின்றுவிட்டது. ‘ஹோலியோக்ஸ்’ அதே ஆண்டு வாரத்துக்கு ஐந்திலிருந்து மூன்று பகுதிகளாகக் குறைந்தது. 2026 ஜனவரி முதல் ‘கரோனேஷன் ஸ்ட்ரீட்’, ‘எமர்டேல்’ இரண்டும் வாரத்துக்கு மூன்று மணி நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரமாகக் குறைக்கப்பட்டன. பகுதி குறைந்தால் உத்தரவாத எண்ணிக்கையை உயர்த்திக் கேட்க யாருக்குத் துணிவு வரும்?

‘தொடரை விட்டவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள்’ என்று கட்டுரை சொல்வதும் சரியல்ல. 2004இல் ‘கரோனேஷன் ஸ்ட்ரீட்’டை விட்டு வெளியேறிய சுரான் ஜோன்ஸ் 2016இல் பிரிட்டனின் உயரிய திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டாவைப் பெற்றார். சாரா லங்காஷயர் 1996இல் வெளியேறியவர். அவரும் பின்னாளில் பாஃப்டா வாங்கினார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததை ‘நீக்கப்பட்டார்’ என்று அச்சிட வேண்டாம். ஒளிபரப்புக்குப் பல வாரம் முன்பே படப்பிடிப்பு முடிந்துவிடும் என்பதால், கடைசிக் காட்சி வந்த தேதியை நடிகர் விலகிய தேதியாகப் போடுவதையும் தவிர்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்