காப்பகச் செலவை உன் சம்பளத்தில் மட்டும் கழிக்காதே

கூடலூர்,
தேனி மாவட்டம்.

அன்பு மகள் சங்கீதாவுக்கு,

யாழினியை ஜூனில் எல்.கே.ஜி. சேர்த்தால் பள்ளிக்கும் காப்பகத்துக்குமாக மாதம் 14,000 ஆகும் என்று நீ அனுப்பிய கணக்கைத் தாளில் எழுதி மறுபடி கூட்டிப் பார்த்தேன். கூட்டுறவுச் சங்கத்தில் பேரேடு எழுதிய கை, சும்மா இருக்காது. கூட்டலில் ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை. கடைசி வரிதான் தவறு. "என் சம்பளம் 38,000. இதில் 14,000 போனால் கையில் நிற்பது 24,000. இதற்காகவா பிள்ளையை யாரிடமோ விட்டுவிட்டு ஓடுகிறேன்?" என்று எழுதியிருக்கிறாய். அந்த 14,000 ரூபாயை ஏன் உன் சம்பளத்தில் மட்டும் கழித்தாய்?

யாழினி உன் ஒருத்திக்குப் பிறந்தவள் அல்ல. மாப்பிள்ளை 52,000 வாங்குகிறார். இரண்டும் சேர்ந்தால் வீட்டு வருமானம் 90,000. அதில் 14,000 என்பது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. உன் சம்பளத்தில் மட்டும் கழித்தால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. தொகை மாறவில்லை, பிள்ளையும் மாறவில்லை. வீட்டு வாடகையை நீங்கள் அப்படிக் கழிப்பதில்லை. அரிசி, பருப்பையும் கழிப்பதில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் செலவு மட்டும் தாயின் பெயரில் எழுதப்படுகிறது. இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எல்.கே.ஜி. சேர்த்துவிட்டால் காப்பகச் செலவு பாதியாகும் என்று போன தீபாவளிக்கு நீ சொன்னது நினைவிருக்கிறது. எல்லாப் பெற்றோரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். இப்போது காப்பகத்துக்கு மாதம் 9,000, ஆண்டுக்கு 1,08,000 கொடுக்கிறீர்கள். ஜூனிலிருந்து பள்ளிக் கட்டணம் 60,000. வேனுக்குப் பத்து மாதத்துக்கு 18,000. சீருடை, புத்தகம், பை என்று 9,000. பள்ளி மதியம் 12.30-க்கு விட்டுவிடுகிறது, உங்கள் இருவருக்கும் வேலை முடிய ஆறாகிறது. அந்த அரைநாளுக்குக் காப்பகம் கேட்பது 6,500, பத்து மாதத்துக்கு 65,000. ஏப்ரல், மே விடுமுறையில் மறுபடி முழுநாள் கட்டணம், 18,000. ஆக மொத்தம் 1,70,000, மாதத்துக்கு 14,000-க்குச் சற்று மேல். இப்போது கொடுப்பதைவிட 62,000 கூடுதல். அரைநாள் என்றால் கட்டணமும் பாதியாகாது, ஏனென்றால் அந்த இடத்தில் அவர்களால் வேறு பிள்ளையைச் சேர்க்க முடியாது. ஆயாவுக்கும் மாதச் சம்பளம்தான், மணிக்கணக்கில் இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பெண்களும் தங்கள் பிள்ளைகளை எங்கோ விட்டுவிட்டுத்தான் யாழினிக்குச் சோறூட்டுகிறார்கள்.

உன் கணக்கில் விட்டுப்போனது ஒன்று உண்டு. மழை. எர்ணாகுளத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கலெக்டர் எப்போது விடுமுறை அறிவிப்பார் என்று யாராலும் சொல்ல முடியாது. சில நாள் முந்தின இரவு தெரியும், சில நாள் காலையில் பிள்ளைக்குச் சீருடை மாட்டிய பிறகு தெரியும். ஹர்த்தால் என்ற முழு அடைப்பும் உண்டு. அலுவலகத்துக்கு இந்த விடுமுறைகள் கிடையாது. எனவே காப்பகத்தில் பணம் கட்டுவதற்கு முன்னால், கலெக்டர் விடுமுறை நாளில் திறந்திருக்குமா, அன்று முழுநாள் இருந்தால் தனிக் கட்டணமா என்று கேள். பள்ளி வேன் பிள்ளையைக் காப்பகத்து வாசலில் இறக்குமா, யார் கையில் ஒப்படைப்பார்கள் என்பதையும் கேள். பல வேன்கள் வீட்டு வாசல் தவிர வேறிடத்தில் இறக்க ஒப்புவதில்லை. மாலையில் தாமதமானால் என்ன வாங்குவார்கள், ஏப்ரல், மேயில் பிள்ளை வராவிட்டாலும் இடத்தைப் பிடித்துவைக்கப் பணம் கேட்பார்களா, இதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள். கேட்கக் கூச்சப்படாதே. ஜூன் முதல் இரண்டு வாரம் புதுப் பிள்ளைகளை இன்னும் சீக்கிரமாக அனுப்பிவிடும் பள்ளிகளும் உண்டு. அதையும் இப்போதே விசாரி.

வயதுக் கணக்கையும் பார்த்துவிட்டேன். 2026-27 முதல் ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது நிறைந்திருக்க வேண்டும் என்று கேரள அரசு அறிவித்திருக்கிறது. யாழினிக்கு மார்ச்சில் நான்கு நிறைகிறது, எல்.கே.ஜி., யு.கே.ஜி. முடித்துப் போகும்போது ஆறு தாண்டியிருக்கும். உன் தோழியின் மகன் அக்டோபர் பிள்ளை என்றாயே, அவளை மட்டும் பள்ளியில் ஒரு முறை கேட்கச் சொல். அவசரப்பட்டுச் சேர்த்தால் நடுவில் ஓர் ஆண்டுக் கட்டணம் அதிகமாகிவிடும்.

இனி உன் பெரியம்மாவைப் பற்றி எழுத வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் இந்தக் கணக்கோடு சேர்த்து நீ அதைப் பார்த்ததில்லை.

உன் அம்மாச்சி ஏலத்தோட்டத்துக்குப் போனவர். விடியுமுன் ஜீப் வரும். லோயர் கேம்ப் தாண்டி மலையேறி, குமுளி வழியாகக் காட்டுக்குள் போகும். ஜீப்பில் நிற்கவும் இடமிருக்காது, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவார்கள். திரும்பும்போது இருட்டிவிடும். ஐம்பது பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. மலையில் குடியிருந்த குடும்பங்களுக்கு அதில் ஏதோ கிடைத்திருக்கும். எல்லை தாண்டி ஜீப்பில் தினக்கூலிக்குப் போன அம்மாவுக்கு அதனால் என்ன? அவர் பிள்ளைகள் இங்கே கூடலூரில் இருந்தார்கள். எங்களைப் பார்த்துக்கொண்டவள் அக்காதான். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, எனக்குச் சடை பின்னி, பள்ளி வாசல்வரை வந்து விட்டுவிட்டுப் போவாள். வாய்ப்பாடு என்னைவிட அவளுக்கு நன்றாக வரும். பதினாறு வயதில் அவளும் காயெடுக்க மலையேறினாள். இன்றும் வங்கிப் படிவம் நிரப்ப என்னைத்தான் கூப்பிடுகிறாள்.

நம் வீட்டில் பிள்ளை பார்க்கும் செலவு புதிதாக வந்ததல்ல, சங்கீதா. எப்போதும் இருந்தது. அப்போது அதைப் பணமாகக் கொடுக்கவில்லை, அக்காவின் படிப்பாகக் கொடுத்தோம். யாரும் அதை எந்த நோட்டிலும் எழுதவில்லை. நீ கொடுக்கப்போகும் 14,000 கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் வலிக்கிறது. தெரியாமல் கொடுப்பதைவிட இது நேர்மையான செலவு என்று நான் நினைக்கிறேன்.

நீ சிறு பிள்ளையாக இருந்தபோது கிழக்கு வீட்டு அப்பத்தா உன்னைப் பார்த்துக்கொண்டார். மாதம் பிறந்தால் பணமும் ஒரு மரக்கால் அரிசியும் கொடுப்பேன். சங்கத்தில் நான் வாங்கிய சம்பளத்துக்கு அது பெரிய தொகைதான். "மிச்சம் என்ன இருக்கிறது, வீட்டில் இருக்கலாமே" என்று தெருவே கேட்டது. நீ பள்ளிக்குப் போய்ப் பெரியவளாக ஆக அந்தச் செலவு குறைந்துகொண்டே வந்தது, சம்பளம் ஏறிக்கொண்டே வந்தது. இன்று அப்பாவின் மருந்துச் செலவு அந்த வேலையில் சேர்ந்த வைப்பு நிதியிலிருந்துதான் போகிறது.

ஆகவே 24,000 மட்டும்தான் மிச்சம் என்று எழுதாதே. உன் அடிப்படைச் சம்பளத்தில் நீ கட்டும் 12 சதவீதத்துக்கு இணையாக நிறுவனமும் வருங்கால வைப்பு நிதிக்குக் கட்டுகிறது. வேலையை விட்டால் அது நின்றுவிடும். அந்த நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத்துக்கு மொத்தம் பத்தாண்டுப் பங்களிப்பு வேண்டும், நீ பாதிதான் வந்திருக்கிறாய். பணிக்கொடைக்கு ஒரே இடத்தில் ஐந்தாண்டு தொடர்பணி வேண்டும். ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிடுவார்கள். உனக்கு ஐந்தாண்டு நிறைய இன்னும் சில மாதங்களே இருக்கின்றன. இப்போது விடுவதற்கு இதைவிட மோசமான நேரம் கிடையாது. நானும் அப்பாவும் உன் நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருக்கிறோம் என்பதையும் சேர்த்துக்கொள். நான்கு ஆண்டு கழித்துத் திரும்பப் போனால் இதே சம்பளத்தில் யார் எடுப்பார்கள்?

அலுவலகத்தில் ஒன்று கேட்டுப் பார். 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியபோது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பக வசதி செய்ய வேண்டும் என்று சேர்த்தார்கள். தனியாகவும் நடத்தலாம், பிற நிறுவனங்களோடு சேர்ந்து பொதுவாகவும் நடத்தலாம். தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம். மத்திய அரசின் வழிகாட்டுதல் ஆறு வயதுவரை என்கிறது, எனவே எல்.கே.ஜி. பிள்ளைக்கும் பொருந்தும். வேலையில் சேரும்போதே இதை எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். உனக்குத் தெரிவித்தார்களா? உன் அலுவலகத்தில் நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள். நீ தனியாகப் போகாதே, பிள்ளை வைத்திருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து மனு கொடுங்கள். அதில் ஆண்களும் கையெழுத்திடட்டும்.

வரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். பழைய வரிமுறையில் இருந்தால் பள்ளியின் கல்விக் கட்டணத்தை 1,50,000 உச்சவரம்புக்குள் காட்டலாம், மழலையர் வகுப்புக்கும் உண்டு. வேன், நன்கொடை, வளர்ச்சிக் கட்டணம் சேராது. காப்பகத்துக்குக் கொடுப்பதற்கு எந்தக் கழிவும் இல்லை. புதிய முறையில் கல்விக் கட்டணத்துக்கும் இல்லை. வேலைக்குப் போவதற்காகவே செய்யும் செலவுக்குக் கழிவு தராத சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதற்கும் யாராவது குரல் கொடுக்க வேண்டும்.

சம்பந்தி அம்மா வேலையை விடச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர்மேல் வருத்தம் வேண்டாம். முழங்கால் வலியோடு போடியிலிருந்து வந்து பார்த்துக்கொள்ள முடியவில்லையே என்ற ஆற்றாமையில் சொல்லியிருப்பார். ஆனால் பதில் நீ சொல்லாதே, மாப்பிள்ளை சொல்லட்டும். "இது எங்கள் இருவர் செலவு, அம்மா" என்று அவர் ஒரு முறை சொன்னால் பேச்சு முடிந்துவிடும். மழை விடுமுறையில் யார் வீட்டில் இருப்பது என்பதையும் இப்போதே பேசி முடிவு செய்யுங்கள். ஒரு முறை நீ, மறுமுறை அவர். விடுப்பு அவருக்கும் இருக்கிறது. மாதத் தொடக்கத்தில் இருவர் சம்பளத்திலிருந்தும் பங்கு போட்டுத் தனிக் கணக்கில் 14,200 ரூபாய் போட்டுவைத்தால், பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் கடன் வாங்க வேண்டியிராது.

என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். ஆண்டு முழுவதும் அங்கு வந்து இருக்க முடியாது. அப்பாவைத் தனியே விட முடியவில்லை, திராட்சைப் பந்தலையும் பார்க்க வேண்டும். ஜூன் முதல் இரண்டு வாரம் வருகிறேன், அந்த நாட்களில் பெரியம்மா அப்பாவோடு இருக்கச் சம்மதித்துவிட்டாள். அடுத்த ஆண்டு ஏப்ரல், மே இரண்டு மாதமும் யாழினி இங்கே இருக்கட்டும். காப்பகம் இடப்பணம் கேட்காவிட்டால் 18,000 மிச்சம். அதற்கு மேல் என்னை நம்பித் திட்டம் போடாதீர்கள். எனக்கும் வயதாகிறது, நோய்நொடி வந்தால் உங்கள் ஏற்பாடு ஒரே நாளில் கவிழ்ந்துவிடும்.

பணியில் சேர்ந்த தேதியை நியமனக் கடிதத்தில் பார்த்து எனக்கு எழுது. ராஜினாமா என்ற பேச்சை யாரிடமும் எடுப்பதற்கு முன்னால் அந்தத் தேதி எனக்கு வேண்டும். மாப்பிள்ளையையும் இந்தக் கடிதத்தைப் படிக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா