தண்ணீருக்குப் போட்ட பாதை

ஸ்ரீவைகுண்டம்
கார்த்திகை 18

அன்புள்ள மகள் செல்விக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். தை மாதத்தில் மாப்பிள்ளையோடும் பேரனோடும் சம்பந்தியம்மாவையும் அழைத்துக்கொண்டு பத்து நாள் தங்க வருகிறாய் என்று தெரிந்ததிலிருந்து உன் அம்மா மாடி அறையை இரண்டு முறை கழுவிவிட்டாள். நீ கேட்டிருந்த கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். நீ இருக்கும் ஊரில் ஆற்றங்கரையிலும் கழிமுகத்திலும் நடப்பவர்களுக்கென்று பலகை நட்டு, அம்புக்குறி போட்டு, சேற்றின் மேல் மரப்பாலமும் அமைத்திருக்கிறார்கள் என்றும், முழங்கால் வலியுள்ள சம்பந்தியம்மாவும் ஏழு வயதுப் பையனும் சேர்ந்து நடக்கும்படியான இடம் நம் பக்கத்தில் உண்டா என்றும் கேட்டிருந்தாய்.

பலகையும் கிடையாது, அம்புக்குறியும் கிடையாது. ஆனால் பாதை உண்டு. தாமிரபரணிக் கரையில் மனிதர் காலாற நடப்பதற்கென்று யாரும் எதையும் போட்டு வைக்கவில்லை. தண்ணீரைக் கொண்டுபோவதற்கும் தடுத்து நிறுத்துவதற்கும் போட்ட கரைகள்தான் நமக்கு வழி. பொதுப்பணித் துறை வேலையில் இருந்த காலமெல்லாம் அந்தக் கரைகளின் மேல் சைக்கிளில் போய்வந்தவன், ஓய்வு பெற்ற பிறகுதான் அவற்றில் நடக்கத் தொடங்கினேன். மேட்டில் ஏறத் தெரியாத தண்ணீருக்காக வெட்டப்பட்ட கால்வாய் என்பதால் அதன் கரையில் ஏற்றமும் இறக்கமும் கண்ணுக்கே தெரியாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல பாதையை எந்தப் பொறியாளரும் தனியாக வரைந்து கொடுக்க முடியாது என்பது என் எண்ணம். சம்பந்தியம்மாவிடம் இதைச் சொல், தைரியமாக வருவார்கள்.

முதல் நாள் நம் ஊர் அணைக்கட்டிலிருந்து தொடங்கலாம். பொதிகை மலையில் புறப்பட்டு ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிவரும் ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றில் ஏழு, பழைய அரசர்கள் காலத்தவை. எட்டாவதும் கடைசியுமானது 1873-இல் கட்டி முடிக்கப்பட்ட நம்முடையது. இங்கிருந்து வடகால், தென்கால் என்று இரண்டு கால்வாய்கள் பிரிந்துபோய்க் குளம் குளமாக நிரப்பிவிட, மிஞ்சிய தண்ணீர்தான் அணைக்கட்டைத் தாண்டிக் கடலுக்குப் போகிறது. தை மாதம் பிசானம் என்கிற நெல் போகத்தின் பயிர் நிற்கும் காலமாதலால் இரண்டு கால்வாய்களிலும் பெரும்பாலும் தண்ணீர் ஓடும். காலை ஆறரை மணிக்கு அணைக்கட்டருகே நின்றால், ஷட்டரின் திருகுக் கம்பியில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். அது ஒரே பறவையா, நாளுக்கொரு பறவையா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆகாயத்தாமரையை இங்கே அமலை என்போம் என்பது உனக்கு நினைவிருக்கும். அணைக்கட்டுக்கு மேற்புறம் அது பச்சைப் பாயாக அடைந்து கிடப்பதைப் பையன் புல்வெளி என்று நினைத்துக் காலை வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அங்கிருந்து கிழக்கே நத்தம், அதற்கும் கிழக்கே திருப்புளிங்குடி. எல்லாம் சேர்த்து மூன்று கிலோமீட்டர் அளவுதான். நெல் வயலும் வாழைத் தோட்டமும் இருபுறமும் வர, வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். மூன்றும் ஒன்பது பெருமாள் கோயில்களான நவதிருப்பதியில் சேர்ந்த ஊர்கள். நம் ஊரில் பெருமாள் நின்ற கோலம், நத்தம் என்கிற வரகுணமங்கையில் இருந்த கோலம், புளிங்குடியில் கிடந்த கோலம். நம்மாழ்வார் இந்த மூன்றையும் ஒரே பாட்டில், கிடந்ததில் தொடங்கி நின்றதில் முடித்துப் பாடியிருக்கிறார். நாம் போவது எதிர்த்திசையில். நின்று, பிறகு உட்கார்ந்து, கடைசியில் படுத்துக்கொள்ளும் வரிசை என் கால்களுக்கு மிகவும் பொருந்துகிறது என்று போன மாதம் உன் அம்மாவிடம் சொன்னேன். கோயில் விஷயத்தில் விளையாடாதே என்று திட்டு வாங்கினேன். புளிங்குடியில் பெருமாளின் திருமேனி மிக நீளமானதால் பாதத்தை உள்ளேயிருந்து பார்க்க முடியாது. வெளிப் பிராகாரத்தில் சுற்றிவந்து, சுவரிலுள்ள ஒரு ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். பையனை நீ தூக்கிக் காட்ட வேண்டியிருக்கும்.

அந்த வழியில் நீ பையனுக்குக் கட்டாயம் காட்ட வேண்டியது வேறொன்று. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர், வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடும் வாயான வாமடையைத் திறப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மண்வெட்டியால் ஒரே ஒரு கட்டி சேற்றை அள்ளிப் பக்கத்தில் வைப்பார், அவ்வளவுதான். அதுவரை நேராக ஓடிக்கொண்டிருந்த வாய்க்கால் ஒரு கணம் தயங்கி, பிறகு நுரையும் வைக்கோல் துணுக்குமாக அந்தச் சிறு வாயில் திரும்பிக்கொள்ளும். தண்ணீர் பரவப் பரவ, வரப்பின் வெடிப்புகளிலிருந்து பூச்சிகள் வெளியே ஓடிவரும். எங்கிருந்துதான் தெரிந்துகொள்ளுமோ, நாலைந்து உண்ணிக்கொக்குகள் அதற்குள் வந்து இறங்கிவிடும். பையன் தானும் ஒரு வாமடை திறக்க வேண்டும் என்பான். கேட்டுவிட்டுத் திறக்கட்டும். கேட்காமல் திறந்தால் ஒருவருடைய முறைத் தண்ணீர் இன்னொருவர் வயலுக்குப் போய்விடும். அதனால் வரும் சண்டைகளைத் தீர்த்துவைத்தே என் பாதி வேலைக்காலம் கழிந்தது.

தென்கால் பக்கம் தென்திருப்பேரையை அடுத்த கடம்பாகுளத்துக் கரையை ஒரு மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். முழுக் கரையையும் நடக்க வேண்டியதில்லை, அரை மணி நேரம் போய்த் திரும்பினால் போதும். நாமக்கோழி, தாழைக்கோழி, சீழ்க்கைச்சிறகி, கூழைக்கடா என்று குளம் நிறையப் பறவைகள் இருக்கும். பொங்கலையொட்டி இந்த ஆற்றுப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கும் வேலை 2011-லிருந்து நடந்துவருகிறது. கல்லூரிப் பிள்ளைகள் தொலைநோக்கியும் நோட்டுமாக வருவார்கள். மாப்பிள்ளைக்கு ஆர்வம் இருந்தால் அவர்களோடு ஒரு நாள் சேர்த்துவிடுகிறேன்.

குளத்துக் கரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நீ தொலைக்காட்சியில் பார்த்திருப்பாய். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, நம் ஊர் நிலையத்தில் சென்னைக்குப் போகிற ரயில் பயணிகளோடு மாட்டிக்கொண்டு நின்றது, பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அந்த வெள்ளத்தில் கடம்பாகுளம் உட்படப் பல குளங்கள் உடைந்தன. உடைந்த இடங்களில் புதிதாகக் கொட்டிய மண் பழைய கரையைப் போல இறுகியதாக இருக்காது. நிறமும் சற்று வேறாகத் தெரியும். அந்த இடம் வந்தால் விளிம்பை விட்டு நடுவில் நடக்க வேண்டும். சென்ற மாசியில் நான் புத்திசாலித்தனமாக ஒரு குறுக்குவழியில் இறங்கி, இடிந்த மடை ஒன்றின் முன்னால் போய் முட்டிக்கொண்டு, பத்தரை மணி வெயிலில் வந்த வழியே இரண்டு கிலோமீட்டர் திரும்பினேன். மறுநாள் முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. உன் அம்மாவுக்குப் படியில் வழுக்கியதாகச் சொல்லியிருக்கிறேன்; நீயும் அப்படியே வைத்துக்கொள்.

ஆத்தூர் நடைக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். உன் பெரியம்மா வீட்டுக்குப் போகும்போது பேருந்திலிருந்தே பார்த்திருக்கும் வெற்றிலைக் கொடிக்கால்களுக்குள் இம்முறை நடந்து போகலாம். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அகத்தி மரங்களை வரிசையாக வளர்த்து, அவற்றின் மேல் கொடியை ஏற்றி, நடுவே முழங்கால் அளவு வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியிருப்பார்கள். வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே ஈரமும் நிழலுமாக, காரமான ஒரு பச்சை வாசனை நிற்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவருடைய கொடிக்கால் சாலையோரத்திலேயே இருக்கிறது, அவரிடம் சொல்லி வைக்கிறேன். முன்பின் தெரியாதவர் தோட்டத்தில் வேலியைத் தாண்டி நுழையும் வழக்கம் நம்மிடம் வேண்டாம்.

ஆத்தூரிலிருந்து சேர்ந்தபூமங்கலம் வரைக்கும் ஆற்றை ஒட்டியே போகலாம். உரோமச முனிவர் ஆற்றில் விட்ட ஒன்பது தாமரைப் பூக்களில் கடைசிப் பூ வந்து சேர்ந்த இடம் என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயத்தில் ஒன்பதாவது கோயில் அங்கேதான் இருக்கிறது. மற்ற எட்டுப் பூக்களும் ஒவ்வோரிடத்தில் ஒதுங்கிய கதையை நீ வீட்டிலேயே பையனுக்குச் சொல்லி வைத்தால், ஒன்பதாவது இடத்தைத் தேடிக்கொண்டு சிணுங்காமல் நடப்பான். இந்த வழியில் உடை மரத்து முள் அதிகம். இரப்பர் செருப்பில் குத்தினால் உள்ளங்காலுக்கே வந்துவிடும். ஆகவே தடித்த அடிப்பாகமுள்ள காலணிதான் சரி.

அங்கிருந்து புன்னைக்காயலுக்கு ஆட்டோவில் போய்விடலாம், நடுவே நிழல் இல்லை. கழிமுகத்தை அவசரமாகப் பார்க்கக் கூடாது. ஆறு அங்கே அகன்று, தன் வேகத்தை இழந்து, எது ஆற்று நீர் எது கடல் நீர் என்று சொல்ல முடியாதபடி கிடக்கும். கரையோரச் சேற்றில் அலையாத்திச் செடிகள் நிற்கின்றன. அவற்றைச் சுற்றிலும் பென்சிலை நட்டுவைத்ததுபோல ஆயிரக்கணக்கில் வேர்கள் மேல் நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். காற்றுப் புகாத சேற்றில் செடி மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான். பையனை ஒரு இலையை விரலால் தடவி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொல். உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பில் ஒரு பகுதியை அந்தச் செடி இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது, காலை வெயிலில் இலையின் மேல் அது பொடியாக மின்னுவதைக்கூடப் பார்க்கலாம். கடல் நீர் வடிந்து வற்றம் இருக்கும் நேரத்தில் போனால், ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக உள்ள சிறு நண்டுகள் வளை வளையாக வெளியே வந்து, யாரையோ கூப்பிடுவதுபோல அந்தக் கொடுக்கை ஆட்டிக்கொண்டிருக்கும். நாம் ஓரடி எடுத்து வைத்தால் எல்லாம் ஒரே நொடியில் மறைந்துவிடும். அசையாமல் பத்து நிமிடம் நின்றால் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். பையன் அவ்வளவு நேரம் அசையாமல் நிற்பானா என்பதைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தாலும், நானும் உன்னை ஏழு வயதில் அப்படி நிறுத்தி வைத்திருக்கிறேன்.

நம் கரையில் கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஓரடி, இரண்டடி, மிஞ்சினால் மூன்றடிக்குள் அடங்கிவிடும். உன் ஊரைப் பற்றி நீ எழுதியதுபோலக் கடல் பல மைல் தூரம் விலகிப்போய்த் திரும்பி வந்து ஆளைச் சூழ்ந்துகொள்ளும் அபாயம் இங்கே இல்லை. ஆனால் முகத்துவாரத்தில் நீரோட்டம் இழுக்கும். கரையில் நிற்பதோடு சரி, யாரும் ஆற்றில் இறங்கக் கூடாது.

புன்னைக்காயலில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் ஆற்றுக்கு வடபுறம் இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலால் கரை வளர வளர, கப்பல்கள் பழையகாயலுக்கும், பிறகு புன்னைக்காயலுக்கும், கடைசியில் தூத்துக்குடிக்கும் இடம் மாறின. 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் நூல் அச்சிட்ட போர்ச்சுகீசியப் பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் தமிழ் கற்று வாழ்ந்ததும் இந்தப் புன்னைக்காயலில்தான். இன்று அது பெரிய மாதா கோயிலும் படகுகளுமாக ஒரு மீனவர் ஊர். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள். அன்று போனால் எல்லாப் படகுகளையும் கரையில் பார்க்கலாம், நிழலில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருப்பவர்களிடம் பேசலாம். படம் எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடச் சொல் மாப்பிள்ளையிடம்.

கொண்டுவர வேண்டியவை அதிகம் இல்லை. தொப்பி, தண்ணீர்ப் பாட்டில், சம்பந்தியம்மாவுக்கு ஒரு கைத்தடி; கைத்தடி இல்லையென்றால் நான் மூங்கிலில் வெட்டி வைக்கிறேன். வழியில் தின்பதற்கு உன் அம்மா பனங்கிழங்கு அவித்துத் தருவாள், தையில் அது நிறையக் கிடைக்கும். தோலையும் நாரையும் பையிலேயே போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம், கால்வாயில் எறிய வேண்டாம்.

பையனுடைய கால் அளவைக் கேட்டு எழுது, நல்ல அடிப்பாகமுள்ள காலணி தூத்துக்குடியில் வாங்கி வைக்கிறேன். எந்தத் தேதியில் வந்து சேர்கிறீர்கள் என்பது உறுதியானதும் தெரிவி. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டித்தான் வற்றம் நன்றாக இருக்கும். புன்னைக்காயலுக்குப் போகும் நாளை அதற்கேற்றபடி படகுக்காரர் ஒருவரிடம் கேட்டுக் குறித்து வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா