ஹாமிஷ் ஹென்டர்சனுக்குப் பாடிக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்தின் பாட்டுக்கும் கதைக்கும் வாழ்நாளையே கொடுத்த ஹாமிஷ் ஹென்டர்சன் 2002 மார்ச் 8 அன்று எடின்பரோவில் காலமானார். கவிஞர், போர் வீரர், ஆய்வாளர் என்று அவரைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அவர் ஒலிநாடாவில் சேர்த்து வைத்த நாட்டுப்புறப் பாட்டுகளையும் கதைகளையும் இன்று இணையத்தில் கேட்டு மகிழும் தமிழ் நேயர்களில் நானும் ஒருவன். அந்தச் செல்வம் சேர அவருக்குக் கைகொடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதல் நன்றி அவருடைய தாய் ஜேனட்டுக்கு. 1919இல் ஸ்காட்லாந்தின் பிளேர்கவுரி ஊரில் பிறந்த பிள்ளையை, செவிலியான அவர் தனியாளாக வளர்த்தார். பாட்டுப் பாடி வளர்த்தார். சிறு வயதிலேயே ஹாமிஷ் தாயை இழந்தார். படித்தது இங்கிலாந்துப் பள்ளியில், பிறகு அங்கேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில். அப்படியும் ஊர்ப் பாட்டு அவரை விட்டுப் போகவில்லை என்றால், காரணம் அந்த அம்மாதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் அவரோடு இருந்து, தங்கள் பாட்டுகளை அவர் எழுதிக்கொள்ளப் பாடிய வீரர்களுக்கும் நன்றி. அப்புறம் நாட்டுப்புறப் பாட்டு சேகரித்த அமெரிக்கர் ஆலன் லோமாக்ஸ். 1951இல் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்தவரை ஊர் ஊராக அழைத்துப் போனவர் ஹென்டர்சன். பதிவுகளின் பிரதிகளை லோமாக்ஸ் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது பெரிய உதவி. அதே ஆண்டில் எடின்பரோ மக்கள் விழா மேடையில் வந்து பாடிய பாரா தீவின் ஃப்ளோரா மக்நீல், பக்கி ஊர் மீன்காரி ஜெஸ்ஸி மரே, ஊர் சுற்றிப் பாடிய ஜிம்மி மக்பெத் எல்லோருக்கும் என் வணக்கம்.

ஆனால் மிகப் பெரிய நன்றிக் கடன் டிராவலர் மக்களுக்கு. ஸ்காட்லாந்தில் கூடாரமும் பயணமுமாக வாழ்ந்துவந்தவர்கள். தகர வேலை, ஆற்றுச் சிப்பியில் முத்தெடுப்பு, அறுவடைக் கூலி என்று பிழைத்தவர்கள். திருடர்கள் என்று ஏசி, ஊர் எல்லையிலேயே விரட்டியவர்கள் ஏராளம். மற்றவர்கள் அழிந்துவிட்டதாக நினைத்த பழம்பாடல்கள் இவர்களிடம்தான் உயிரோடு இருந்தன. கோடையில் பிளேர்கவுரியில் ராஸ்பெர்ரி பறிக்கக் கூடும்போது இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள், கதை சொல்வார்கள். அங்கே பதிவு செய்வது நயாகராவின் கீழே தகர டப்பாவைப் பிடிப்பது போல என்று ஹென்டர்சனே சொல்லியிருக்கிறார். பிளேர்கவுரியின் பெல் ஸ்டூவர்ட்டும் அவர் குடும்பமும் பாடிக் குவித்ததைக் கேட்டால் அது மிகையில்லை என்று புரியும்.

1953இல் அபர்டீனில் டிராவலர் பாடகி ஜீனி ராபர்ட்சனின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார் ஹென்டர்சன். தாயிடம் கேட்டுக் கேட்டே கற்ற பழைய கதைப்பாடல்கள் அந்த அம்மாவிடம் அத்தனை இருந்தன. ஏளனத்தையே பார்த்துப் பழகிய ஒரு சமூகத்தில் பிறந்தவர், முன்பின் தெரியாத படித்த ஆளுக்காகக் குரலெடுத்துப் பாடினாரே, அந்தப் பெருந்தன்மைக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்? 1968இல் பிரிட்டிஷ் அரசு அவருக்கு எம்பிஇ என்ற கௌரவப் பட்டம் கொடுத்தது. வடக்கே சதர்லாந்தில், கண் பார்வையற்ற ஆலி டால் ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் கதை கதையாகச் சொன்னார். அவருக்கும் நன்றி.

ஹென்டர்சனின் அருமை, கொடுத்தவர்களை அவர் மறைக்கவில்லை என்பது. பாடியவரையே மேடையேற்றினார். 1983இல், அரசின் அணு ஆயுதக் கொள்கையை எதிர்த்து, தனக்கு வந்த ஓபிஇ என்ற அரசுப் பட்டத்தை வேண்டாம் என்றார்.

அவருக்குப் பின்னும் கைகொடுத்தவர்கள் உண்டு. இரண்டு பாகங்களாக அவர் வாழ்க்கையை எழுதிய டிமோத்தி நீட், உங்களுக்கு நன்றி. உலக சமாதானத்தை வேண்டி 1960இல் அவர் எழுதிய பாட்டை 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் விளையாட்டுத் தொடக்க விழாவில் பாடிய தென்னாப்பிரிக்கப் பாடகி பூமேசா மட்ஷிகிசா, உங்களுக்கும்.

கடைசியாக, 2010இல் தொடங்கிய டோபர் அன் துவல்ஹஸ் இணையக் காப்பகத்தில் உழைத்தவர்களுக்கு. பழைய நாடாக்களைப் பொறுமையாக எண்மமாக்கி, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கேட்கும்படி வைத்தீர்கள். பாடியவர் பெயரையும் ஊரையும் பதிவான ஆண்டையும் குறித்து வைத்தீர்கள். இந்த மடலில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்க முடிகிறது என்றால், அது உங்களைப் போன்றவர்களால்தான்.

அன்புடன்,
ஒரு தமிழ் நேயர்