சேகருக்கு, வி டாலர் எஸ்க்யூஎல் பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள். அவளும் நம் வழிதான், டேட்டாபேஸ்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். போன மாதம் ஓடிய குவரி (எஸ்க்யூஎல் வாக்கியம்), ஆரக்கிள் டேட்டாபேஸில் ஓடிய வாக்கியங்களைப் பட்டியலிடும் வி டாலர் எஸ்க்யூஎல் வியூவில் காணவில்லை, யாராவது அழித்துவிட்டார்களா என்று கேட்டிருந்தாய். யாரும் அழித்திருக்கத் தேவையில்லை. அந்த வியூ காட்டுவது ஷேர்டு பூல் என்கிற நினைவகத்தில் இப்போது இருப்பதை மட்டும்தான். இடம் போதாவிட்டால் வெகுநாள் தொடாத குவரிகளை ஆரக்கிள் தானே வெளியேற்றிவிடும். டேட்டாபேஸை நிறுத்தி மறுபடி தொடங்கினாலோ எல்லாமே போய்விடும்.

அதில் இருப்பதையும் கவனமாகத்தான் படிக்க வேண்டும். இதை நான் போன வருடம் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு நாள் காலையில் முக்கியமான டேபிள் ஒன்றில் ஏராளமான வரிகளைக் காணோம். வி டாலர் எஸ்க்யூஎல்லில் தேடினேன், வரிகளை அழித்த டெலீட் வாக்கியம் கிடைத்தது. எக்ஸிக்யூஷன்ஸ், அதாவது அது ஓடிய தடவை, 4. மாட்யூல் என்ற இடத்தில், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பையன் பயன்படுத்தும் டூலின் பெயர். அதை வைத்து அவன்தான் என்று முடிவு கட்டி, கூப்பிட்டுக் கேட்டும்விட்டேன். அவன் முகம் வெளுத்துப்போனது. “நான் ஒரு தடவைதான் ஓட்டினேன் சார், அதுவும் ரெண்டே ரெண்டு வரி” என்றான்.

அவன் சொன்னது உண்மை. மாட்யூல் பெயர் அந்த வாக்கியம் முதல் தடவை பார்ஸ் ஆனபோது, அதாவது ஆரக்கிள் அதைப் படித்து ஓட்டத் தயார் செய்தபோது, எழுதப்படுவது. அப்புறம் அதே வாக்கியத்தை, ஓர் எழுத்துகூட மாறாமல், வேறு யார் ஓட்டினாலும் பெரும்பாலும் அதே கர்சரில் (நினைவகத்தில் அந்த வாக்கியத்துக்கு இருக்கும் பதிவில்) எண்ணிக்கை ஏறுமே தவிர, பெயர் மாறாது. பையன் இரவில் தானாக ஓடும் ஜாப் புரோகிராமிலிருந்து வாக்கியத்தை அப்படியே காப்பி செய்து, பைண்ட் மதிப்பை (ஓட்டும்போது நிரப்பும் மதிப்பை) மட்டும் கொடுத்து ஓட்டியிருக்கிறான். மற்ற 3 தடவையும் இரவு ஜாப்தான்.

அதைக் கண்டுபிடித்தது வி டாலர் ஆக்டிவ் செஷன் ஹிஸ்டரி என்ற இன்னொரு வியூவில். வேலையாக இருக்கும் செஷன்களை (டேட்டாபேஸ் இணைப்புகளை) அது நொடிக்கு ஒரு தடவை பார்த்து, எந்த யூசர், எந்த புரோகிராம், எந்த எஸ்க்யூஎல் ஐடி (வாக்கியத்தின் அடையாளக் குறி) என்று குறித்துவைக்கும். டெலீட் சில நொடிகள் ஓடியதால் சிக்கியது. கண் இமைக்கும் நேரத்தில் முடிந்திருந்தால் அதிலும் தப்பியிருக்கும். பையனிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குப் பதிலாக நான் முதலில் அந்த வியூவைக் கேள்வி கேட்டிருக்க வேண்டும் என்று இன்றும் உறுத்துகிறது.

உன் விஷயத்தில் இன்னோர் இடம் பாக்கி இருக்கிறது, ஆரக்கிள் தன் செயல்பாட்டுக் கணக்கைச் சேமித்துவைக்கும் ஏ.டபிள்யூ.ஆர். வழக்கமான அமைப்பில் மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து 8 நாள் வைத்திருக்கும். உங்கள் ஆட்கள் அந்த நாட்களைக் கூட்டிவைத்திருந்தால், அதன் டிபிஏ ஹிஸ்ட் எஸ்க்யூஎல்ஸ்டாட் என்ற வியூவில் உன் குவரி இருக்கலாம். ஆனால் அதிகமாக வளங்களைத் தின்ற வாக்கியங்களைத்தான் அது பொறுக்கி எடுக்கும். தவிர, இதற்கும் செஷன் ஹிஸ்டரிக்கும் டயக்னாஸ்டிக்ஸ் பேக் லைசென்ஸ் தனியாக வேண்டும், முதலில் அதைக் கேட்டுக்கொள்.

“யார், எப்போது” என்பதற்கு நம்பிப் பதில் சொல்லும் இடம் ஆடிட், யார் என்ன செய்தார் என்று டேட்டாபேஸ் எழுதிவைக்கும் பதிவு. அதுவும் எதைப் பதிய வேண்டும் என்று முன்கூட்டியே பாலிசி போட்டிருந்தால்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு நான்கு டேபிள்களுக்கு டெலீட், அப்டேட் இரண்டுக்கும் யூனிஃபைட் ஆடிட்டிங் போட்டுவிட்டேன். எல்லா டேபிளுக்கும் போட வேண்டாம், பதிவு மலையாகக் குவிந்துவிடும்.

உன்னிடம் அந்தக் குவரியின் முழு வரிகள் அப்படியே இருக்கின்றனவா? இருந்தால் அனுப்பு. 13 எழுத்து எஸ்க்யூஎல் ஐடி வாக்கியத்தின் எழுத்துகளிலிருந்தே கணக்கிடப்படுவது, எங்கே ஓட்டினாலும் மாறாது. இங்கே என் டெஸ்ட் டேட்டாபேஸில் ஓட்டி ஐடியை எடுத்துத் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசலாம், அதுவரை திரையை அதிகம் பார்க்காதே.

அன்புடன்,
ரகு